லிங்கசாமி சுட்ட கத்தரிக்காய்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் மனைவி ராமாத்தாளுக்குச் சிறுநீரகம் கெட்டு, கோயமுத்தூர் டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்ன பிறகு எங்கள் வீட்டுச் சமையல் என் கைக்கு வந்தது. உப்பில்லாத காய்க்குக் கொஞ்சம் வாசமாவது வரட்டும் என்று கரி அடுப்பில் சுட்டுப் பார்த்தேன். அவளால் தின்ன முடியவில்லை. வாயில் போட்டுப் பார்த்தபோது எனக்கும் முடியவில்லை. கரி ஈரம், அடுப்பு ஓட்டை, கத்தரிக்காய் முற்றல் என்று நான் வரிசையாகக் காரணம் சொல்ல, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று ராமாத்தாள் முடித்துவிட்டாள். சரி, நமக்குத்தான் கைவரவில்லை, நன்றாகச் சுடத் தெரிந்த ஒருவனைத் தாளிலாவது உண்டாக்குவோம் என்று உட்கார்ந்தேன். கதையின் பூர்வீகம் இவ்வளவுதான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். அதில் ஓட்டை பார்ப்பது ராமாத்தாளின் உத்தியோகம். முன்பு அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். இப்போது படுத்தபடி தாளை வாங்கி, பென்சிலோடு படிக்கிறாள். நோய் வந்த பிறகு அவளுக்கு விமரிசனம் கூடிவிட்டது.

2

முதல் தொடக்கம்:

'1972ஆம் வருடம், மாசி மாதம். நொய்யல் ஆற்றின் மேல் வெண்பனி படர்ந்து, சலசலவென்று ஓடுகிற...'

நொய்யலில் ஏது தண்ணீர்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

'திருப்பூர் மண்ணரையில் அந்தச் சந்துக்குள் நுழைந்தாலே கத்தரிக்காய் சுடுகிற வாசம் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் போனால் லிங்கசாமியின் வீடு.'

ராமாத்தாள் பென்சிலால் வட்டம் போட்டாள். "வாசம்னா எதுக்கு மூக்கப் புடிக்கோணும்? சாக்கடை வருதுங்களா?"

மூன்றாவது தொடக்கம், இப்போதைக்கு நிற்பது:

'லிங்கசாமிக்கு நெருப்பைத் தெரியும்.'

(அடிக்குறிப்பை அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, ஆகவே இங்கேயே. லிங்கசாமி எங்கள் கம்பெனி இஸ்திரி மாஸ்டர். பெயர் வேறு. மதியச் சாப்பாட்டு வேளையில் இஸ்திரிப் பெட்டிக் கனலில் மக்காச்சோளம் சுட்டு எங்களுக்கெல்லாம் கொடுப்பார். கதைக்கு அவருடைய கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். மனைவியை என் வீட்டிலிருந்து எடுத்தேன்.)

3

லிங்கசாமிக்கு நெருப்பைத் தெரியும். வெள்ளைப் பனியனில் பழுப்பு ஏறுவதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்குகிற கை அது. அவன் மனைவி குழந்தையம்மாளுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. டாக்டர் சட்டம் போட்டார். (ராமாத்தாளுக்குப் போட்ட சட்டம்தான். அப்படியே இறக்கிவிட்டேன்.) உப்பு கூடாது. பருப்பும் கறியும் பேருக்குத்தான். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். அப்புறம் ஒரு விசித்திரமான சட்டம். எந்தக் காயானாலும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும்.

"காய்க்குள்ளயே ஒரு உப்பு இருக்குங்க. அது நாக்குக்குத் தெரியாது, நெஞ்சுக்குத்தான் தெரியும். நமக்கெல்லாம் வெளிய போயிரும். இவங்களுக்கு ரத்தத்துலயே தங்கிரும். அது ஏறிப்போச்சுன்னா நெஞ்சு நின்னுரும்" என்றார் டாக்டர்.

வேகவைத்து வடித்த காய் எப்படி இருக்கும் தெரியுமா? நனைந்த பனியனைத் தின்று பார்த்திருந்தால் தெரியும். குழந்தையம்மாள் ஒரு வாய் வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படியே போனால் நோய்க்கு முன்னால் பட்டினி கொண்டுபோய்விடும் என்று லிங்கசாமிக்குப் பயம் வந்தது.

கம்பெனி விட்டு வந்ததும் கும்முட்டி அடுப்பில் கொட்டாங்குச்சிக் கரியைப் போட்டு ஊதினான். கனல் சாம்பல் பூத்து அடங்கும்வரை காத்திருந்தான். மேலே உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தான். வடித்துப் பிழிந்த கத்தரிக்காயில் நல்லெண்ணெய் தடவிக் கம்பிமேல் பரப்பினான். கருகுவதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால் புரட்டினான். பக்கத்திலேயே நாலு பல் பூண்டைத் தோலோடு சுட்டு நசுக்கினான். மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, எலுமிச்சம்பழம் ஒரு பிழி.

"ஏம்புள்ள, வாயத் தெற."

குழந்தையம்மாள் மென்றாள். கண்ணைத் திறந்தாள். "உப்புப் போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"அடுப்பு மேல ஆணை."

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு துண்டு ஆட்டுக்கறி சுடுவான். பெருவிரல் அளவுதான். அதை அவன் சுடுகிற நேரத்தில் மண்ணரை நாய்களெல்லாம் அவன் வாசலில் மாநாடு கூட்டும். ஊருக்கே விருந்து என்று நினைத்து எட்டிப் பார்த்தவர்கள், கம்பிமேல் கிடக்கிற அந்த ஒற்றைத் துண்டைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போவார்கள்.

4

ராமாத்தாளின் தீர்ப்பு:

"இப்பிடி ஒரு புருசன் மண்ணரையில இருந்தாச் சொல்லுங்க, நா அங்கயே போயி இருந்துக்கறேன்."

"கதைதானே."

"கதைன்னாலும் அந்தக் குழந்தையம்மா யாருங்க, பொம்மையா? தெறன்னா வாயத் தெறக்கறா, மூடுன்னா மூடிக்கறா. உப்பில்லாமத் திங்கறவளுக்கு எத்தன ஆங்காரம் வருமுன்னு உங்குளுக்குத் தெரியாதுங்க. ஒரு சோத்து வட்டலையாவது விட்டெறியட்டும்."

திருத்தி எழுதினேன். 'குழந்தையம்மாள் வட்டலை விட்டெறிந்தாள். அது சுவரில் பட்டு, உருண்டு, அடுப்படியில் போய்க் கவிழ்ந்தது. லிங்கசாமி எடுத்துக் கழுவி, மறுபடி பரிமாறினான்.'

ஓரத்தில் பென்சிலால் 'செரி' என்று எழுதிக் கொடுத்தாள்.

(எங்கள் வீட்டிலும் வட்டல் ஒன்று நெளிந்திருக்கிறது. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.)

5

இனி வருகிறவர் கற்பனை அல்ல. ராமாத்தாளின் அக்கா வேலாத்தாள். தங்கைக்குச் சீக்கு என்று கேள்விப்பட்டதும் வெள்ளகோவிலிலிருந்து ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். நான் கம்பெனிக்குப் போனபிறகு ராமாத்தாளுக்குத் துணை அவர்தான். வந்த அன்றே உப்புச் சாடியைத் துணியில் கட்டிப் பரணில் ஏற்றினார். அன்றிலிருந்து அவரும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறார். "தங்கச்சி திங்காதத நா எப்பிடித் திங்கறது?" என்கிறார். எனக்குச் சமயத்தில் கம்பெனிக்கு எதிரே ஒரு வடை கிடைக்கிறது. அவருக்கு அதுவும் கிடையாது.

ஆனால் காய் வேகவைப்பதை நான் யாரிடமும் விடவில்லை. டாக்டர் என்னிடம்தானே சொன்னார்? காலையில் எழுந்து வேகவைத்து, வடித்து, அரக்கப் பரக்கச் சுட்டு வைப்பேன். அதற்குள் கம்பெனிச் சங்கு ஊதிவிடும். வடித்த தண்ணீர்ச் சட்டியை வேலாத்தாள் அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடுவேன்.

முதல் நாள் மட்டும் அவர் கேட்டார். "மாப்ள, இதப் போயிக் கீழ ஊத்தோணுமுங்களா?"

"ஆமாங்க்கா. டாக்டர் சொல்லியிருக்காரு. முருங்க மரத்துக்கு ஊத்திருங்க."

"டாக்டரு சொன்னாச் செரிங்க."

ஏன் ஊற்றவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

6

கதை நன்றாக நடந்தது. ராமாத்தாளால்தான் நடக்க முடியவில்லை. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, வெகுநேரம் அப்படியே நின்றது. காலையில் முகம் ஊதியிருந்தது. கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஊரில் பிள்ளை திருடியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வீக்கமும் ஏறியிருக்குது, காய்ல இருக்கற அந்த உப்பும் ஏறியிருக்குது. ஊட்ல என்னங்க குடுக்கறீங்க? இப்பிடியே போனா இந்த வருசம் தாண்டாதுங்க."

நான் சொன்ன கத்தரிக்காய் மகாத்மியத்தை அவர் நம்பவில்லை. பஸ்ஸில் வரும்போது, டாக்டர் என்ன சொன்னார் என்று ராமாத்தாள் கேட்டாள். வெயிலில் அலையக் கூடாது என்றார் என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நிஜத்தில் காரணம் பிடிபடவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். கதையில் குழந்தையம்மாளின் காலையும் வீங்க வைத்தேன். இப்போது கதைக்கு ஒரு காரணம் வேண்டும்.

லிங்கசாமியே ரகசியமாக உப்புப் போடுகிறான் என்று வைக்கலாமா? அடுப்பு மேல் ஆணையிட்டவன். மாட்டான்.

குழந்தையம்மாள் அண்டை வீட்டில் ஊறுகாய் வாங்கி... அண்டை வீட்டுக்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பெயர், குணம், ஊறுகாய்ப் பக்குவம் எல்லாம் வேண்டும். கதை தாங்காது.

கரியில் ஏதாவது ரசாயனக் கோளாறு... எனக்கு ரசாயனம் தெரியாது.

அப்புறம்தான் அருமையாக ஒன்று அகப்பட்டது. குழந்தையம்மாளுக்கு ஒரு அக்கா. பெயர் பெரியாத்தாள். எழுத ஆரம்பித்ததும் கை தானாக ஓடியது:

'பெரியாத்தாள் வடித்த தண்ணீரை மரத்தடிக்குக் கொண்டுபோனாள். சட்டியைச் சாய்த்தாள். கை சாயவில்லை. அவள் பிறந்து வளர்ந்த ஊரில் கொள்ளு வெந்த தண்ணீர் ரசமாகும், கீரை வெந்த தண்ணீர் சாறாகும், சோறு வடித்த கஞ்சி எருமைக்காவது போகும். வெந்த தண்ணீரை மண்ணில் கொட்டுகிறவளைக் குடும்பம் நடத்தத் தெரிந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சத்தெல்லாம் தண்ணீரில்தான் இறங்கும் என்பது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். இந்த மனுசன் சத்தை மரத்துக்கு ஊற்றிவிட்டுச் சக்கையைச் சுட்டுத் தங்கச்சிக்குக் கொடுக்கிறானே, அவள் எப்படித் தேறுவாள்? சட்டியை உள்ளே எடுத்து வந்தாள். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தாள். கறிவேப்பிலை தாளித்தாள். உப்பு மட்டும் போடவில்லை. டாக்டர் சொன்னதை அவள் மீறுவாளா?

"சூடா ஒரு டம்ளர் குடி கண்ணு. ஒடம்புக்குத் தெம்பா இருக்கும்."'

பேனாவை வைத்துவிட்டு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டேன். எவ்வளவு பொருத்தமான தப்பு! வில்லனே இல்லை. புருஷன் நல்லவன், அக்கா நல்லவள், டாக்டர் பேச்சை இருவருமே தட்டவில்லை. சத்து தண்ணீரில் இறங்குகிறது என்று பெரியாத்தாள் நினைத்ததுகூடச் சரிதான், அப்படி இறங்குகிற உப்புதானே ஆகாது என்று டாக்டர் சொன்னது. இதைவிட நல்ல முடிச்சு நான் போட்டதில்லை.

எங்கள் வேலாத்தாள் அக்கா நினைவுக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தார். கதைக்கு அவருடைய சாயல் உதவியது. ஆனால் உப்புச் சாடியைப் பரணில் ஏற்றியவர் இப்படிச் செய்வாரா என்ன?

7

சனிக்கிழமை ராத்திரி ராமாத்தாள் படித்தாள். பென்சிலைத் தொடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"யாருங்க சொன்னாங்க உங்குளுக்கு?"

"எத?"

"ரசத்த."

பேக்கிங் முடிந்து பெட்டிக்கு ஆணி அடித்த பிறகு துணியில் ஓட்டை தெரிந்தால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது.

"தெனமுமா?"

"மத்தியானத்துக்கு. நீங்க கம்பெனிக்குப் போன பொறவு."

"அது ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? டாக்டர் சொல்றப்ப நீயும் பக்கத்துல இருந்தியே."

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏன் குடிச்சே?"

அக்கா மனம் நோகக் கூடாதென்று குடித்தேன் என்பாள் என்று நினைத்தேன். கதையில் குழந்தையம்மாளுக்கு அந்த வசனத்தைத்தான் யோசித்து வைத்திருந்தேன். ராமாத்தாள் தாளை மடித்து மடிமேல் வைத்தாள்.

"ருசியா இருந்துச்சுங்க."

எனக்குக் கோபம் வந்தது. விடியற்காலையில் எழுந்து, புகையில் கண் எரிய, விரல் சுட்டு, நான் சுட்டதெல்லாம் எதற்கு? கேட்டும்விட்டேன்.

"நீங்க சுடறத உங்க மூஞ்சிக்காவத் திங்கறனுங்க. அது ஒண்ணுதா எனக்காவக் குடிக்கறது." குரலைத் தணித்துக்கொண்டு, "எங்கொக்காகிட்டச் சொல்லீராதீங்க. தங்கச்சிக்கு நாந்தே கெடுதல் பண்ணுனேன்னு தெரிஞ்சா அவ உசுரோட இருக்கமாட்டா" என்றாள்.

என் கோபம் அத்தோடு இறங்கிவிட்டது. பயம் மட்டும் இருந்தது. அது இன்னும் இருக்கிறது.

8

கதையை முடிக்க வேண்டும். இப்போது ராமாத்தாள் விடமாட்டேன் என்கிறாள். என்ன எழுதினாலும் தனக்குத்தான் எழுதுகிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

முதல் முடிவு: 'லிங்கசாமி பெரியாத்தாளை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினான். பெரியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. குழந்தையம்மாளின் வீக்கம் வடிந்தது.'

பென்சில் கோடு, குறுக்கே. "எங்கொக்காளத் தொரத்தறதுக்கு நீங்க யாருங்க? அவ போயிட்டா நா பேசறதுக்கு ஆளு? வீக்கம் வடிஞ்சு நா செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கட்டுமா?"

இரண்டாவது முடிவு: 'லிங்கசாமி ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் வீட்டுக்கு ஓடி வந்து, பெரியாத்தாள் அந்தண்டை திரும்பிய சமயம் பார்த்து, மனைவியின் டம்ளரை வாங்கித் தானே குடித்துவிட்டான். இப்படியே தினமும். குழந்தையம்மாள் தேறினாள். லிங்கசாமி கொழுத்தான். தன் ரசத்தின் மகிமை என்று பெரியாத்தாள் ஊரெல்லாம் சொன்னாள்.'

ராமாத்தாள் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இந்த முடிவை வைத்துக்கொள்ளலாம் என்று ஆசையாக இருந்தது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "தெனமும் மத்தியானம் கம்பெனியில உட்டுருவாங்களா?"

விடமாட்டார்கள். அது செக்கிங்கில் தேறாத முடிவு.

மூன்றாவது முடிவு: 'எவ்வளவு நாள் இருந்தாலும் ருசியோடு இருக்கட்டும் என்று லிங்கசாமி...'

இதற்கு மேல் எழுத வரவில்லை. ராமாத்தாள் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கோடு போடவில்லை. "இதயும் முடிங்களே பாக்கலாம்" என்றாள். நான் பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை.

இதையெல்லாம் தாண்டி ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். இலக்கிய நயம் இல்லாவிட்டால் போகட்டும். எனக்கு அவள் வேண்டும். ஆங்காரத்தோடு, வட்டலை எறிந்துகொண்டு, என் வாக்கியங்களை அடித்துக்கொண்டு அவள் இருக்க வேண்டும். அவளுக்கு ருசி போனாலும் பரவாயில்லை, இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். இது சுயநலம்தான். என் ஆசைக்காக அவள் நாக்கை நான் செலவு செய்கிறேன். தெரிந்துதான் சொல்கிறேன்.

9

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்த ஒன்பதாவது பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போதே நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் சுரைக்காயை வேகவைத்து வடித்தேன். கம்பெனி இல்லாத நாளில் தண்ணீரை நானே மரத்துக்கு ஊற்றிவிடுவேன். இன்று எட்டாவது பகுதி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் சட்டியை அடுப்படியில் மறந்துவிட்டு மேஜைக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கறிவேப்பிலை வெடிக்கிற சத்தம் கேட்டது. அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழுந்து போய் என்ன சொல்வதென்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வேலாத்தாள் அக்கா வந்தார். கையில் இரண்டு டம்ளர்.

"மாப்ள, எழுதி எழுதிக் களச்சிருப்பீங்க. இன்னிக்கு ரசம் நெறயவே இருக்குது, நீங்களும் ஒரு டம்ளர் குடிங்க. உப்பில்லீங்க. பயப்படாதீங்க."

ஒன்றை என் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார். இன்னொன்றை ராமாத்தாளின் கையில் கொடுத்து, அவள் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டு, "ஆத்திக் குடி கண்ணு" என்று சொல்லி உள்ளே போனார். அவர் ஒளித்துச் செய்ததே இல்லை. நான்தான் அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததில்லை. என் இரண்டாவது முடிவு அந்த இரண்டாவது டம்ளரோடு போயிற்று. அவளுடையதை நான் குடிக்கலாமென்றால், எனக்கே ஒன்று இருக்கிறது.

குடித்துப் பார்த்தேன். நல்ல ரசம். பூண்டும் மிளகும் தொண்டையில் இறங்கி, உப்பு எங்கே என்று கேட்கவே தோன்றவில்லை. இத்தனை நாள் நான் சுட்ட கத்தரிக்காய் எதற்கும், ஏன், லிங்கசாமி சுட்டதற்கும் இந்த ருசி கிடையாது.

"நல்லாருக்குதுங்களா?" என்றாள் ராமாத்தாள்.

"நல்லாருக்குது."

"அப்பறம் எழுதுங்க பாக்கலாம். குழந்தையம்மா எல்லாம் வேண்டாம். எம்பேரப் போட்டே எழுதுங்க."

டம்ளரோடு எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வீங்கிய காலோடு ரொம்ப நேரம் நிற்க அவளால் முடியாது. அடுப்படியில் வேலாத்தாள் அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. டம்ளரிலிருந்து ஆவி வருவது குறைந்துவிட்டது. எழுதுகிறேன்.

'ராமாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.'

எழுதிவிட்டேன். அவள் படித்தும்விட்டாள். டம்ளர் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது.